நம்ம ஊர் சீப்னு சொல்றோமே, யாருக்கு சீப்?

இன்னைக்கு ஒரு கணக்கு, அதுக்குள்ள ஒரு நியாயம். கொஞ்சம் பொறுமையா படிங்க.

வில்லியனூர், பாகூர் பக்கம் தெருவுக்கு ஒரு 'பிரான்சு வீடு' இருக்கும். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தப்போ, விரும்பினவங்க ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வச்சுக்க வழி இருந்தது. அப்படி வச்சுக்கிட்ட குடும்பங்களோட பேரப் பிள்ளைங்கதான் இன்னைக்கு பாரிஸ்ல வேலை செய்றாங்க. எங்க பெரியப்பா பையனும் அங்கதான், ஒரு ஓட்டல் சமையல்கட்டுல.

அண்ணன் லீவுல வரும்போதெல்லாம் ரெண்டு வசனம் கேட்கும். அவர் சொல்றது, "இங்க எல்லாம் சீப்புடா." ஊர் சொல்றது, "உனக்கென்னப்பா, யூரோவுல சம்பாதிக்கிற." ரெண்டுமே உண்மை மாதிரி இருக்கு. ஆனா ரெண்டுலயும் ஒரு மனுஷன் காணாமப் போறான். எப்படின்னு பார்ப்போம்.

முதல்ல ஊர் போடுற கணக்கு. பிரான்ஸ்ல 2025-இல் குறைந்தபட்ச சம்பளம், பிடித்தம் போக, மாசம் சுமார் 1,426 யூரோ. கணக்கு சுலபமா இருக்க ஒரு யூரோ 100 ரூபாய்னு வச்சுக்குவோம். ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி! கேட்டதும் வாய் பிளக்கிறோம். ஆனா அவர் சாப்பிடுறதும் தூங்குறதும் அங்கதானே? பாரிஸ் புறநகர்ல ஒரு சின்ன அறைக்கே கிட்டத்தட்ட பாதிச் சம்பளம் போயிடும். மெட்ரோ, பஸ் மாதாந்திர பாஸ் 2025-இல் 88.80 யூரோ, அதுல பாதியை முதலாளி தந்துடணும்னு அங்க சட்டம். சாப்பாடு, கரண்ட், போன், குளிருக்கு ஹீட்டர் எல்லாம் போக மாசக் கடைசியில 200 யூரோ நின்னா பெரிய விஷயம். வரவை மட்டும் ரூபாயா மாத்தி, செலவை மாத்தாம விட்டா அது கணக்கே இல்ல.

இப்போ அண்ணன் கணக்கு. ரூபாயையும் யூரோவையும் ஓரமா வச்சுட்டு, நேரத்தால அளந்து பாருங்க. அங்க குறைந்தபட்ச கூலி மணிக்கு ஒன்பது யூரோவுக்குச் சற்று மேல. இங்க நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் ஒரு நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரம்னு வச்சுக்கிட்டா மணிக்கு 42 ரூபாய்.

ஒரு லிட்டர் பால் வாங்க அங்க ஏழெட்டு நிமிஷம் உழைச்சா போதும். இங்க பால் 50 ரூபாய்னா, பாகூர் வயக்காட்டு அக்கா ஒரு மணி நேரத்துக்கும் மேல குனிஞ்சு நிமிரணும். அப்போ அந்த அக்காவுக்கு நம்ம ஊர் சீப்பா? பாரிஸை விட காஸ்ட்லி!

முடி வெட்டுறதைப் பாருங்க. அங்க 20 யூரோ, அதாவது ரெண்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட உழைப்பு. இங்க 120 ரூபாய். அண்ணனோட எட்டு நிமிஷச் சம்பளம். சலூன்காரர் அரை மணி நேரம் நின்னு வெட்டுறார். கத்தரிக்கோல் ஒண்ணுதான், கைப்பழக்கமும் ஒண்ணுதான். ஒருத்தரோட அரை மணி நேரம் இன்னொருத்தரோட எட்டு நிமிஷத்துக்குப் போகுது.

இதுதான் எனக்குப் புரிஞ்சது. பெட்ரோலும் செல்போனும் இங்க சீப் இல்ல. இங்க சீப்பா கிடைக்கிறதுல பெரும்பாலானது ஒரு ஆளோட கை. ஆட்டோ, தையல், வீட்டு வேலை, கொத்து வேலை. "இங்க எல்லாம் சீப்"னு சந்தோஷப்படும்போது, இன்னொருத்தர் நேரத்துக்கு விலை கம்மின்னுதான் சந்தோஷப்படுறோம். சென்னையில ஐடி சம்பளம் வாங்கிட்டு ஊருக்கு வர்ற நமக்கும் இது பொருந்தும்.

அப்போ என்ன செய்யலாம்? கைக்கு பேரம் பேசாதீங்க. முடிஞ்சா கூடவே குடுங்க, அந்தக் காசு ஊருக்குள்ளதான் சுத்தும். ஆனா மனைக்கு மட்டும் கேட்ட விலையைக் குடுத்து ஏத்தி விடாதீங்க. கூலி ஏறினா ஏழை நிமிர்வான். மனை விலை ஏறினா, யூரோ இல்லாத பையன் சொந்த ஊர்லயே வீடு கட்ட முடியாமப் போவான்.

ஊருக்கும் ஒரு வார்த்தை. திருவிழா வரி போடும்போது பிரான்சு வீட்டுக்குப் பத்து மடங்கு போடுறோம். அதிகம் இருக்கிறவங்க அதிகம் குடுக்கிறது தர்மம்தான். மிச்சமாகிற அந்த 200 யூரோ இங்க இருபதாயிரம் ரூபாய், அது சின்னக் காசு இல்ல. அதனால கேளுங்க. ஆனா வாங்குறதை வச்சுக் கேட்காம, மிச்சத்தை வச்சுக் கேளுங்க. அந்த மிச்சத்துக்காக அவர் பெரியப்பா கடைசியா படுத்திருந்த மூணு மாசமும் பக்கத்துல இல்ல. அதை எந்த ரேட்ல மாத்துவீங்க?

வெளிநாட்டுல இருக்கிற உங்க அண்ணன், அக்காவுக்கு இதை அனுப்புங்க. ஊர்க் குரூப்லயும் போடுங்க. ரெண்டு பக்கமும் படிக்கட்டும்.