ஈரலும் மனமும்: குற்றம் யாருடையது?

மலாய் மொழியில் 'ஹாத்தி' என்றொரு சொல் உண்டு. உடற்கூற்று நூலில் அது கல்லீரலைக் குறிக்கும். அன்றாடப் பேச்சிலோ அதுவே மனத்தைக் குறிக்கும். பிறர்மேல் கசப்புற்றவனைச் 'சாக்கிட் ஹாத்தி' கொண்டவன் என்பர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அவன் ஈரல் நோயாளன். துயரை வெளியிடாது உள்ளேயே வைத்துப் புழுங்குபவன் 'மாக்கான் ஹாத்தி', அதாவது தன் ஈரலைத் தானே தின்கிறான். நம் பாட்டிமாரும் அச்சம் வந்தால் ஈரக்குலை நடுங்குகிறது என்றுதானே சொல்லி வந்தனர்? அவர்களை அறியாதவர்களென நகைத்துவிட்டு, ஈரலை ஒரு வைத்தியரிடமும் மனத்தை வேறொரு வைத்தியரிடமும் ஒப்படைத்தோம். அப்பிரிவினையால் நட்டப்பட்டவர் யார் என்பதே இங்கு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

எனக்கு வேண்டிய ஒருவர் இரவில் லோரி ஓட்டிப் பிழைப்பவர். மனைவியை இழந்து சில ஆண்டுகள் ஆயின. மதுவை நாவில் வைத்தறியாதவர். தம் தகப்பனார் தோட்டத்துக் கள்ளுக்கடையில் வாரக் கூலியைத் தொலைத்துவிட்டு வீடு திரும்பியதைக் கண்டு வளர்ந்தவர். வேறொரு வலிக்காக எடுத்த ஸ்கேனில் அவர் ஈரலில் கொழுப்பு மிகுந்திருப்பது தெரிந்தது. வைத்தியர் இரண்டு நிமிஷம் பேசினார்: "உணவைக் குறையும், நடந்து பழகும், ஆறு மாதம் கழித்து வாரும்." வீட்டிற்கு வந்தால் மகன், "அப்பா, எங்களுக்குத் தெரியாமல் குடிக்கிறீர்களா?" என்று கேட்டான். மைத்துனரோ, "உமக்குக் கொழுப்பு என்று நான் அன்றே சொன்னேனே!" என்று சிரித்தார். கொழுப்பு என்னும் சொல்லுக்குத் திமிர் என்றும் பொருள் வைத்திருக்கும் மொழியல்லவா நம்முடையது! ஆறு மாதம் போயிற்று, ஓராண்டும் போயிற்று. அவர் திரும்பப் போகவில்லை.

அந்த மகனைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. என்னை? அவனுக்கு அப்படிக் கேட்கக் கற்பித்தவர்கள் நாமே. சென்ற நூற்றாண்டில் சீர்திருத்தக்காரர்கள் கள்ளை எதிர்த்து மேடைதோறும் பேசினர். 1947-ல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியலும் செய்தனர். அது வேண்டிய போராட்டம். குடி ஈரலைக் கெடுக்கும் என்பதும் மெய்யே. ஆனால் அம்மெய்யைத் திருப்பிப்போட்டு, ஈரல் கெட்டவனெல்லாம் குடியன் என்று நம் ஜனங்கள் படித்துக்கொண்டபோது, அதைத் திருத்த நாம் ஒரு மேடையும் போடவில்லை.

1980-ல் அமெரிக்காவில் லுட்விக் என்ற வைத்தியரும் அவர் தோழர்களும் இருபது நோயாளிகளின் ஈரல் துணுக்குகளை ஆராய்ந்து, குடியாலன்றியும் குடியன் ஈரலைப் போன்ற அழற்சி உண்டாகும் என எழுதினர். இன்று உலகில் வயது வந்தோரில் ஏறத்தாழப் பத்தில் மூவருக்கு ஈரலில் கொழுப்பு ஏறியிருப்பதாகக் கணக்கிடுகின்றனர். உடற்பருமன், நீரிழிவு, பரம்பரை, மிகுந்த சீனி, குறைந்த நடை ஆகியன சேர்ந்து இதனை வளர்க்கின்றன. தென்னாசிய மரபினர்க்கோ, பார்வைக்கு மெலிந்திருந்தும் இது வருவதுண்டு.

இனி மனத்தின் பக்கம் வருவோம். மலேசியாவில் 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, வயது வந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் மிகை எடையுடையோர் என்றது. பதினாறு வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 4.6 விழுக்காட்டினர் மனச்சோர்வு நோயால் வருந்துகின்றனர் என்றும், இது 2019-ல் கண்டதைப்போல் இருமடங்கு என்றும் கூறிற்று. இவ்விரு நோய்களும் ஒருவரிடத்தே கூடி வாழ்வதை வைத்தியர் பலரும் கண்டு எழுதியுள்ளனர். நெடுநாள் துயரில் உடல் கார்ட்டிசால் என்னும் சுரப்பு நீரை மிகுதியாகச் சுரக்கிறது. அது இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, வயிற்றுப் பகுதியில் கொழுப்பைச் சேர்க்கிறது. உறக்கம் கெடுகிறது, உறங்காதவன் இனிப்பை நாடுகிறான். நண்பர் நள்ளிரவில் நான்கு குவளை தே தாரிக் குடித்தது நாவின் சபலத்தால் மட்டும் அன்று. மறுபுறம், அழற்சி கொண்ட ஈரலிலிருந்து எழும் பொருள்கள் மூளையை எட்டிச் சோர்வை மிகுவிக்கக் கூடும். மனநோய்க்குத் தரும் ஒலான்சப்பின் போன்ற சில மருந்துகளும் எடையைக் கூட்டுவன. மனத்தைக் காக்க மருந்துண்டு, அதனால் உடல் பெருத்தவனைப் பார்த்து, 'வாயைக் கட்டு' என்கிறோம்! (அதற்காக ஒருவரும் தாமாக மருந்தை நிறுத்திவிடலாகாது, கொடுத்த வைத்தியரிடமே கேட்க வேண்டும்.)

'மனம் இருந்தால் மார்க்கம் உண்டு' என்பது நமது பழமொழி. நல்லது. நோயுற்றிருப்பது அந்த மனமே என்றால்? காலையில் எழவும் கால் வராதவனிடம் தினம் அரைமணி நட என்பது, கை முறிந்தவனை அக்கையாலேயே கட்டுப்போட்டுக்கொள் என்பதற்கு ஒப்பாகும். முற்காலத்தில் நோயாளியை நோக்கி, "உன் முன்வினை" என்றனர். அதனை மூடநம்பிக்கை என்று நாம் ஒழித்தோம். ஒழித்த இடத்தில், "உன் செய்வினை" என்பதை அமர்த்தி வைத்திருக்கிறோம். பெயர் மாறியதேயன்றிப் பழி மாறவில்லை.

பெயர் மாற்றத்தைப் பற்றி ஒன்று. 2023-ல் பல நாட்டு ஈரல் வைத்தியச் சங்கங்கள் கூடி இந்நோயின் பழைய பெயரை நீக்கின. 'கொழுப்பு' என்ற சொல் இழிவு தருவதாக, கருத்துக் கேட்கப்பட்டோரில் 66 விழுக்காட்டினர் சொன்னார்களாம். ஆகவே கொழுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வைத்தனர். கிரேக்கத்தில் சொன்னால் வலிக்காது போலும்! 'மது சாராத' என்ற அடைமொழியையும் எடுத்தது நன்றே. ஏனெனில் அது நல்ல நோயாளி, கெட்ட நோயாளி என இரு வரிசை பிரித்தது. எனினும் கேட்கிறேன்: குடித்தே ஈரலைக் கெடுத்துக்கொண்டவன் எதை மறக்கக் குடித்தான் என்று யாரேனும் விசாரித்தோமா? என் நண்பரைப் பழியினின்று மீட்பதற்காக அவருடைய தகப்பனாரைப் பழியில் விட்டுவிடுவது நியாயமாகுமா?

இவ்வாறு கூறுவதால், மனிதன் செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்பது எம் கருத்தன்று. அது தலைவிதிக்காரர் பேச்சு. உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே ஈரற்கொழுப்பு இறங்கும். ஏழு முதல் பத்துப் பங்கு குறைந்தால் அழற்சியும் தணிய இடமுண்டு. நடையோ ஈரலோடு மனத்தையும் சேர்த்தே தேற்றுவது. செய்யத்தக்கவன் அவனே. ஆனால் செய்யும் வலிமையை அவன் மீண்டும் பெறும்வரை உடன் நிற்பது யார் கடமை?

நண்பரை வேறொரு வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். அவ்வம்மையார் ஸ்கேன் தாளை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "இரவு வேலை இல்லாத நாளில் உறங்குகிறீர்களா?" என்று கேட்டார். அவர் பதில் சொல்ல நெடுநேரம் ஆயிற்று. அன்று ஈரலைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வந்தது. இப்பொழுது ஞாயிறுதோறும் அண்டை வீட்டுக்காரர் ஒருவரும் அவருமாக நடக்கிறார்கள். எண்பத்திரண்டு கிலோ எழுபத்தெட்டாகியிருக்கிறது. மகனிடம் மட்டும், வயிற்று வலிக்காக வைத்தியரிடம் போவதாகவே சொல்லி வருகிறார்.