எட்டாம் நாள் யார் கையில்?

‘நான் அல்ல, நீ’ என்பது 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் முழக்கம். ஏழு நாள் முகாமுக்குக் கிராமத்துக்குப் போகும் மாணவர்கள் முன்பு சாலை போட்டார்கள், மரம் நட்டார்கள். இப்போது கைபேசியோடு போகும் இளைஞர்கள் சாமையையும் தேனையும் படம் பிடித்து, வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்றுக்கொடுக்க முயல்கிறார்கள். தரகருக்குப் போகும் பணத்தில் கொஞ்சமாவது விளைவித்தவருக்குத் திரும்பினால் அது நல்ல வேலைதான். ஆனால் இந்த ‘நீ’ யார்?

கிராமம் ஒற்றை ஆள் அல்ல. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடிப் பொறுப்பாளர்களாகப் பதிவானவர்களில் பெண்கள் ஏறத்தாழ 14 சதவீதம் மட்டுமே. நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெரும்பாலும் பெண்கள்தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தாமே பயன்படுத்தும் கைபேசி தம்மிடம் உள்ளதாகச் சொன்ன கிராமப்புறப் பெண்கள் பாதிக்கும் குறைவு. எனவே ‘விவசாயி எங்கே, போன் நம்பர் என்ன?’ என்று தன்னார்வலர் கேட்டதுமே பட்டா வைத்திருப்பவரும் கைபேசி வைத்திருப்பவரும் முன்னால் வருகிறார்கள். காணொளியில் பெண்ணின் முகம், அதன் கீழே கணவரின் எண், பணம் போகும் கணக்கு மகனுடையது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலே இது நடந்துவிடுகிறது.

கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். சாமையின் உமியை நீக்க அங்குள்ள பெண்கள் உரலில் மணிக்கணக்கில் குத்த வேண்டியிருந்தது. சிறுதானியம் வீட்டுச் சமையலிலிருந்து விலகியதற்கு அந்தப் பாடும் ஒரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியில் உமி நீக்கும் சிறு எந்திரங்கள் வந்தன. சுய உதவிக் குழுக்கள் அவற்றை நடத்தின. சந்தைக்குப் போகும் முன்பே ஒரு சுமை இறங்கியது. இப்போது ‘பாரம்பரியமாக’ இருக்கும் என்று ஒரு காணொளிக்காக உரலையும் உலக்கையையும் திரும்ப எடுத்துவரச் சொன்னால், அவள் இறக்கிவைத்த பாட்டையே நாம் விளம்பரமாக விற்கிறோம்.

ஒரு மறுப்பு உண்டு. ஏழு நாளில் குடும்பத்தை மாற்ற முடியுமா? பெண்ணின் எண்ணைப் போட்டால் வேண்டாத ஆண்கள் இரவில் அழைப்பார்கள். வீட்டில் சந்தேகம் கிளம்பும். அந்த விலையைக் கொடுக்கப்போவது அவள்தான், பஸ் ஏறித் திரும்பிவிடும் நாமல்ல. மறுப்பு நியாயமானதே. பெண்ணியத்தின் பெயரால் அவளுக்காக நாமே முடிவெடுப்பதும் அதிகாரம்தான்.

ஆனால் அதற்காகக் கேட்காமலே விட்டுவிடலாமா? அவள் எண்ணா, கணவர் எண்ணா என்ற இரண்டு வழிகளோடு விஷயம் முடிவதில்லை. குழுவுக்கென்று தனி சிம் வாங்கலாம். குழுவின் பெயரில் ஏற்கெனவே உள்ள வங்கிக் கணக்கில் பணம் போடச் சொல்லலாம். முகம் காட்டாமல் கையையும் தானியத்தையும் மட்டும் காட்டலாம். இவற்றை விளக்கிச் சொல்லி, ஆண்கள் சூழ நிற்காத இடத்தில் அவளிடம் கேட்க வேண்டும். எல்லாம் தெரிந்த பிறகு அவள் ‘அவர் நம்பரையே போடுங்க’ என்றால் அது அவள் முடிவு. கேட்காமல் போட்டால் அது நம் முடிவு. அதற்கு அவள் சம்மதம் என்று பெயர் வைக்கக் கூடாது.

நமக்குச் சௌகரியமானவரைத் தேர்ந்துகொண்டு அவரையே ஊர் என்று அழைக்கும் பழக்கம் பழையது. கையில் புதுக் கருவி இருப்பதால் மட்டும் அது போய்விடாது. முகாமுக்குப் புறப்படும் மாணவிகள் கேமராவைத் திறக்கும் முன் கேட்க வேண்டியவை சில உண்டு. விலையை யார் சொல்கிறார்கள்? பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது? ஆர்டர் வந்தால் பொட்டலம் கட்டும் கூடுதல் வேலை யார் தலையில் விழுகிறது? நாம் கிளம்பிய எட்டாம் நாள், அந்தப் பக்கத்தின் கடவுச்சொல் யாரிடம் இருக்கும்?