யாருடைய பயம் பயங்கரம்?

1978 ஜூலை. எனக்கு அப்போ பத்து வயசு. விழுப்புரத்தில் நம்ம சனங்க 12 பேரைக் கொன்னு போட்டாங்க. சேதி காணைக்கு வந்த அன்னிக்கு எங்க காலனியில் அடுப்பு எரியலை. வெளிச்சம் தெரிஞ்சா வீட்டுல ஆள் இருக்குன்னு தெரிஞ்சிடும்னு ஆயா விளக்கைக்கூட ஏத்த விடலை. ஆம்பளைங்க கரும்புக் கொல்லைக்குள்ள போய்ப் படுத்துக்கிட்டாங்க. எங்க தெருவில் ஒரு கல்கூட வந்து விழலை. யாரும் யாரையும் அடிக்கலை. ஆனாலும் அந்தப் பயம் பல மாசம் எங்களோடவே குடியிருந்தது. மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போற எங்க அப்பாவை ஆயா தினமும் ஒரே வார்த்தை சொல்லித்தான் அனுப்பும்: "பொழுது சாயறதுக்குள்ள வந்துடு நைனா."

அதுக்கு அரசாங்கமும் பத்திரிகைகளும் வைத்த பேர் 'விழுப்புரம் கலவரம்'. கலவரம் என்றால் ரெண்டு பக்கமும் அடிச்சுக்கறது என்றுதான் நாம் புரிஞ்சுக்கறோம். 12 பிணமும் ஒரே பக்கத்தில் கிடந்தாலும் அது கலவரம்தான். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் குடிசைக்குள் வைத்து 44 பேரை எரித்தார்களே, அதுக்கும் 'கூலித் தகராறு' என்று ஒரு பேர் இருந்தது. எந்த இடத்திலும் 'பயங்கரவாதம்' என்ற சொல் வரவில்லை.

பேர்ல என்ன இருக்குது என்று கேட்கலாம். பேர்லதான் எல்லாம் இருக்குது. பேரைப் பார்த்துத்தான் சட்டம் வருது, போலீஸ் வருது, ஜாமீன் உண்டா இல்லையா என்பதும் முடிவாகுது.

1985-இல் தடா சட்டம் வந்தது. பயங்கரவாதச் செயல் எது என்று அதில் எழுதியிருந்ததை நான் பிற்பாடு படித்தேன். அரசை மிரட்டுவது மட்டும் இல்லை. மக்களிடமோ, மக்களில் ஏதோ ஒரு பிரிவினரிடமோ பீதியை உண்டாக்கும் நோக்கத்தில் ஆயுதத்தால் கொல்வதும் பயங்கரவாதம்தான் என்று அது சொன்னது. மக்களில் ஒரு பிரிவினர்! அந்த வரியைப் படித்தபோது எனக்கு ஆயா அணைத்த விளக்குதான் ஞாபகத்துக்கு வந்தது. இன்றைக்கு இருக்கிற உபா சட்டத்திலும் இதே வாசகம் இருக்குது. சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால் சாதிப் படுகொலை எல்லாமே இதற்குள் அடங்கும்.

மேலவளவை எடுத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் ஆன ஊராட்சியில் தலைவராக ஜெயித்த முருகேசனை, அவரோடு இருந்தவர்களோடு சேர்த்து, 1997 ஜூன் 30 அன்று ஓடுற பஸ்ஸை மறித்துக் கொன்றார்கள். அது முருகேசன் ஒருவருக்குச் சொன்ன சேதி இல்லை. ரிசர்வ் தொகுதியில் மனு போட நினைக்கிற ஒவ்வொருத்தருக்கும் சொன்ன சேதி. அதே மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை பத்து வருஷம் முறையாக ஒரு தலித் தலைவர் நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஒரு தேர்தலையே பயத்தால் நிறுத்தி வைப்பதற்கு உலகத்தில் எந்த நாட்டு அகராதியில் என்ன பேர்?

உலகத்து நாடுகள் எப்படித்தான் இந்தப் பேரை வைக்கின்றன? நமக்குக் கிட்டத்தில் இருக்கிற உதாரணத்தையே பார்ப்போம். விடுதலைப் புலிகளுக்கு 1983-க்குப் பிறகு இந்திய அரசே பயிற்சி கொடுத்தது. அப்போது அவர்கள் இந்தியாவுக்குப் 'போராளிகள்', இலங்கைக்குப் 'பயங்கரவாதிகள்'. 1987-இல் அமைதிப்படை போனது, போர் வந்தது. 1991-இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். 1992-இல் இந்தியா தடை விதித்தது. அமெரிக்கா 1997-இல் பட்டியலில் சேர்த்தது, பிரிட்டன் 2001-இல், கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2006-இல். இதில் வேடிக்கை, இலங்கை அரசே 2002-இல் பேச்சுவார்த்தைக்காகத் தடையை எடுத்துவிட்டு 2009-இல் மறுபடி போட்டது. இயக்கம் ஒன்றுதான். ஒவ்வொரு நாட்டுக்கும் அது ஒவ்வொரு வருஷத்தில் பயங்கரவாத இயக்கமாக 'ஆனது'. நெல்சன் மண்டேலாவை அமெரிக்கா தன் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலில் இருந்து எடுத்தது 2008-இல்தான். அதற்குள் அவர் ஜனாதிபதியாகி, பதவியை விட்டு இறங்கி, நோபல் பரிசும் வாங்கி 15 வருஷம் ஆகியிருந்தது. ஐக்கிய நாடுகள் சபையில் பயங்கரவாதத்துக்கு எதிரான ஒரு முழு ஒப்பந்தத்துக்கு 1996-இல் இந்தியாதான் வரைவு கொடுத்தது. எது பயங்கரவாதம் என்ற சண்டையிலேயே அது இன்னும் நிற்குது.

ஆக, ஒரு நாடு இந்தச் சொல்லைச் சொல்லும்போது நடந்த செயலை மட்டும் பார்த்துச் சொல்வதில்லை. யார் பயந்தார்கள் என்று பார்க்குது. பயந்தது நாடாளுமன்றமா, பங்குச் சந்தையா, விமான நிலையமா? அப்போ அது பயங்கரவாதம். பயந்தது சேரியா? அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை.

இது நம்ம ஊர்ப் புலம்பல் இல்லை என்பதற்கு ரெண்டு வழக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். 1991 ஆகஸ்ட் 6 அன்று ஆந்திராவில் சுண்டூரில் ஆதிக்க சாதியினர் 8 தலித்துகளைக் கொன்றார்கள். ஆறு மாசம் கழித்து, 1992 பிப்ரவரி 12 அன்று பீகாரில் பாரா கிராமத்தில் மாவோயிஸ்ட் கம்யூனிஸ்ட் சென்டர் ஆட்கள் பூமிகார் சாதி ஆண்கள் 30 பேருக்கு மேல் கொன்றார்கள். ரெண்டு நாளிலும் தடா உயிரோடுதான் இருந்தது. பாரா வழக்கு தடாவில் நடந்தது. 2002-இல் உச்ச நீதிமன்றம் நாலு பேருக்குத் தூக்கை உறுதி செய்தது. அந்த நாலு பேரில் தலித்துகளும் உண்டு. 2017-இல்தான் குடியரசுத் தலைவர் அதை ஆயுளாகக் குறைத்தார். சுண்டூர் வழக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நடந்தது. தீர்ப்பு வர 16 வருஷம். 2007-இல் 21 பேருக்கு ஆயுள் கொடுத்தார்கள். 2014-இல் உயர் நீதிமன்றம் எல்லாரையும் விடுதலை செய்தது. ஒரு பக்கம் கயிறு, ஒரு பக்கம் கதவு.

இந்த இடத்தில் நம்ம தோழர்கள் பல பேர் உடனே சொல்வது: "அப்போ சாதிக்கொலையையும் பயங்கரவாதம்னு அறிவிக்கச் சொல்லிக் கேப்போம்." நானும் கூட்டங்களில் அப்படி முழங்கியிருக்கேன். இப்போ எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஏன் என்று சொல்றேன்.

தொண்ணூறுகளில் ஒரு ஏப்ரல் 14-க்கு நாங்க நாலு பையன்கள் ராத்திரியில் அம்பேத்கர் போஸ்டர் ஒட்டிக்கிட்டு இருந்தோம். ஜீப் வந்தது. ஸ்டேஷனில் விடிய விடிய உட்கார வைத்தார்கள். அங்கே இருந்தவர் கேட்ட முதல் கேள்வி பேர் இல்லை, ஊர் இல்லை. "நீங்கள்லாம் தீவிரவாதிங்களாடா?" எங்க கையில் இருந்தது பசை வாளி. அன்றைக்குத் தெரிந்தது, அந்தச் சொல் அவர்கள் பையில் தயாராக இருக்குது, எடுத்து மாட்ட வேண்டியதுதான் பாக்கி. 2020-இல் அதே ஏப்ரல் 14 அன்று ஆனந்த் தெல்தும்டே உபா வழக்கில் கைதானார். எழுபது வயதை நெருங்கிய தலித் அறிஞர். ஜாமீனில் வெளியே வர ரெண்டரை வருஷம் ஆனது. இலங்கையில் 1979-இல் தற்காலிகம் என்று சொல்லித் தமிழ் இளைஞர்கள்மேல் போட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் நிரந்தரமாகி, 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு முஸ்லிம்கள்மேல் திரும்பியது. 2020-இல் அஹ்னாஃப் ஜஸீம் என்ற இளம் கவிஞரைத் தமிழில் கவிதை எழுதியதற்காக அந்தச் சட்டத்தில் பிடித்துப் போட்டார்கள். ஆயுதத்தை அவன் செய்து வைத்திருக்கிறான். பிடியும் அவன் கையில்தான் இருக்குது. இன்னும் கூராக்கிக் கொடு என்று நாம கேட்கலாமா?

இன்னொரு கேள்வியை நம்மைப் பார்த்தே கேட்கணும். நாடுகள் செய்கிற அதே கணக்கை நாமும் செய்கிறோமா? பாராவில் ராத்திரி கையைக் கட்டிக் கொல்லப்பட்டவர்களும் பிறந்த சாதிக்காகத்தான் கொல்லப்பட்டார்கள். 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் ரெண்டு மணி நேரத்தில் வெளியே துரத்தினார்களே, அந்த வீடுகளிலும் ஒரு ஆயா இருந்திருப்பாள். 'நம்ம ஆளு செஞ்சா போராட்டம், அடுத்தவன் செஞ்சா பயங்கரவாதம்' என்றால் டெல்லிக்கும் வாஷிங்டனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? ஒடுக்கப்பட்டவனின் கோபம் வேறு, ஒடுக்குகிறவனின் வெறி வேறு என்று நான் இப்பவும் நம்பறேன். ரெண்டையும் ஒரே தராசில் போடச் சொல்லலை. ஆனால் எதுவும் செய்யாத ஒருத்தியைப் பிறப்புக்காகப் பயமுறுத்துவது எந்தக் கொடியின் கீழ் நடந்தாலும் அதுக்கு நம்மிடம் நியாயம் இருக்கக் கூடாது.

அப்போ நாம என்ன கேட்பது? சொல்லைக் கேட்க வேண்டாம். பயத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்லிக் கேட்போம். செத்தவர்களுக்கு நஷ்ட ஈடு தர்றாங்க, வெட்டுப்பட்டவர்களுக்கும் தர்றாங்க. கரும்புக் கொல்லையில் படுத்துக் கிடந்தவர்களை எந்தக் கமிஷன் எண்ணியது? வேலைக்குப் போகாமல் விட்ட நாள், பள்ளிக்கூடம் நின்ற பிள்ளை, மனு போடாமல் விட்ட தேர்தல், இதெல்லாம் காயம் இல்லையா? மேலவளவு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களை 2008-லும் 2019-லும் தலைவர்களின் நூற்றாண்டு விழாவைச் சொல்லி முன்கூட்டியே விடுவித்தார்கள். யாரும் சிறையிலேயே சாக வேண்டும் என்று நான் கேட்கலை. ஆனால் அவர்கள் ஊருக்குத் திரும்பி வருகிற அன்று அந்தத் தெருவில் எத்தனை வீட்டில் விளக்கு அணையும் என்று கையெழுத்துப் போட்டவர்கள் யோசித்தார்களா? அந்தத் தெருவைக் கேட்காமல் கொடுக்கிற மன்னிப்பு யாருடைய மன்னிப்பு?

ஆயா செத்து ரொம்ப வருஷம் ஆயிடுச்சு. 'பயங்கரவாதம்' என்ற சொல்லை அது ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கடைசி வரைக்கும் பொழுது சாய்ஞ்சா மட்டும் வாசலுக்கு வந்து நின்னு தெருவையே பாத்துக்கிட்டு இருக்கும், அப்பா வந்து சேர்ற வரைக்கும்.