சாவி யார் கையில்?

ஒரு நகரின் பண்பை எதைக்கொண்டு அளப்பது? திண்டுக்கல்லையே எடுத்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 2 இலட்சம் மக்கள் வாழ்ந்த இந்நகரின் பூட்டு ஊரறிந்தது. 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றது. நாகல்நகரில் சௌராட்டிர நெசவாளர், பேகம்பூரில் இசுலாமியர் எனப் பகுதிக்கொரு மொழியும் மணமும் உண்டு. இது நகருக்கு அழகே.

வெளியூர் செல்கையில் வீட்டுச் சாவியை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துச் செல்வது நம் நகரங்களில் இன்றும் மறையாத வழக்கம். பூட்டு ஐயத்தின் கருவி எனில், அயலார் கையிலுள்ள சாவி நம்பிக்கையின் அடையாளம் அன்றோ?

ஆயினும் வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் சாதியையும் மதத்தையும் முதலில் வினவுபவரும் நாமே. நம்மைப் போன்றவரை மட்டுமே அருகில் குடியமர்த்திய பின், அவரிடம் சாவி தருவது பெரிய நம்பிக்கையாகுமா? அது நம்மை நாமே நம்புவதன்றி வேறென்ன?

தெருவின் தனித்தன்மை, அங்கு வாழ்வோர் ஒருவரையொருவர் அறிந்திருப்பதால் விளைவது. பிறரை வாசலில் நிறுத்துவதால் விளைவதன்று. முன்னது உறவு, பின்னது மற்றொரு பூட்டு. அதைத் திறக்கும் சாவியோ நம் கையில்தான் இருக்கிறது.