சொன்னவர் யார்?

ஒரு கருவியில் மனிதன் எதனை விரும்புகிறான் என்று அறிந்தால், அவன் உள்ளத்தின் ஒரு பகுதியையும் அறியலாம். வாட்ஸ்அப் என்னும் செயலி 2009ஆம் ஆண்டில் தோன்றியது. இன்று அது நுழையாத இல்லம் அரிது. அதில் பிடித்த வசதி எது என்று வினவினால், ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்வர்.

கட்டுமாவடி போன்ற பாக் நீரிணைக் கரையூர்களில் முதியோர் போற்றுவது, 2013இல் வந்த குரல் செய்தியையே. மலேசியாவுக்கோ வளைகுடா நாடுகளுக்கோ சென்ற சபராளியின் கடிதத்தை, எழுத்தறியாத தாய் அண்டை வீட்டாரைப் படிக்கச் சொல்லிக் கேட்ட காலம் ஒன்றிருந்தது. தாய்க்கும் மகனுக்கும் இடையே மூன்றாமவர் ஒருவர் இருந்தாக வேண்டும். இன்று மகனின் குரல், இருமலும் தயக்கமும் உட்பட, நேரே அவள் செவியை அடைகிறது. இதனை அருட்கொடை என்பதில் தவறில்லை.

இளையோர்க்கு வேறு விருப்பங்கள். செய்தி படிக்கப்பட்டதைக் காட்டும் நீலக் குறி 2014இல் வந்தது. அனுப்பியதை எல்லாரிடமிருந்தும் அழிக்கும் வசதி 2017இல் வந்தது. முன்னது பொறுமையைச் சோதிக்கிறது. பின்னது, சொல்லிய சொல்லை மீட்க இயலாது என்னும் உண்மையை மறக்கச் செய்கிறது.

ஆயினும் இளையோரும் முதியோரும் ஒருங்கே விரும்புவது, வந்ததை அப்படியே பிறர்க்கு அனுப்பும் வசதியை. அதற்கு உழைப்பில்லை, சிந்தனையும் தேவையில்லை. இங்கேதான் அறவினா எழுகின்றது. பிறர் சொன்னதைச் சொன்னவன் அச்சொல்லுக்குப் பொறுப்பாளியா?

“நானாக எதுவும் சொல்லவில்லை, வந்ததை அனுப்பினேன்” என்பது பலரின் விடை. அந்த விடையின் விலையை நம் மாநிலம் 2018 மே மாதத்தில் கண்டது. குழந்தை கடத்துவோர் திரிகின்றனர் என்ற பொய் கைபேசிகளில் பரவியிருந்த வேளை அது. திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், கோயிலுக்கு வழி கேட்டு வந்த மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்ததைக் கண்டு ஐயுற்றோரால் அடித்துக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூலை முதல் நாள், மகாராட்டிரத்தின் தூலே மாவட்டத்தில் ஐவர் இவ்வாறே மாண்டனர். அந்தப் பொய்யை அனுப்பியவர்களுள் எவரும், தம்மைக் கொலைக்குத் துணைநின்றவராக எண்ணியிருக்க மாட்டார்.

அந்த ஜூலையில்தான், ‘இது பிறரிடமிருந்து வந்தது’ என உணர்த்தும் சிறு குறியை அந்நிறுவனம் சேர்த்தது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்பவியலாது என்றும் வரம்பிட்டது. ஆனால் அக்குறி, சொல் அனுப்பியவருடையது அன்று என்பதை மட்டுமே காட்டும். யாருடையது என்பதைக் காட்டாது.

ஹதீஸ் கலை அறிஞர்கள் கேட்டது அந்தப் பெயரைத்தான். இன்னார் இன்னாரிடம் கேட்டார் என்னும் இஸ்னாத், அதாவது அறிவிப்பாளர் தொடர், செய்திக்கு முன்னே நின்றது. தொடரில் வருபவர் வாய்மையாளரா, நினைவாற்றல் உடையவரா, தமக்கு முந்தியவரைச் சந்தித்திருக்கக் கூடியவரா என்று ஆராய, ‘அஸ்மாவுர் ரிஜால்’ என்னும் தனிக்கலையே வளர்ந்தது. ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் இமாம் தஹபியும், ஒன்பதாம் நூற்றாண்டில் இப்னு ஹஜர் அஸ்கலானியும் இத்துறையில் பெருநூல்கள் இயற்றினர். இடையில் ஒருவர் இன்னாரென்று தெரியாவிடினும் அத்தொடர் வலுவிழந்தது. அங்கே சொல்லைக் கடத்தியவர் வெறும் வாய்க்கால் அல்லர். தம் பெயரைப் பிணை வைத்த சாட்சி.

இவ்வாறு ஆராயும் வல்லமை எல்லார்க்கும் உண்டா எனலாம். இல்லை, ஆனால் அனுப்பாமல் இருக்கும் வல்லமை எல்லார்க்கும் உண்டு. புயல் எச்சரிக்கையை உடனே அனுப்ப வேண்டாவா எனலாம். வேண்டும், கடற்கரை மக்களுக்கு அது உயிர் காக்கும் செய்தி. அதனாலேயே, வானிலை மையம் இன்ன நாளில் சொன்னது என்று தெரிந்து அனுப்ப வேண்டும். பொய் எச்சரிக்கையைப் பலமுறை கேட்டவன், மெய்யான எச்சரிக்கையின்போது படகை இறக்கிவிடுவான்.

மீன் வாங்குபவர் செவுளைத் தூக்கிப் பார்த்த பின்பே விலை பேசுகிறார். ஒருவேளை உணவுக்கு இவ்வளவு சோதனை செய்யும் நாம், ஓர் உயிரையே போக்கவல்ல சொல்லுக்கு அதனினும் குறைவாகச் செய்வது நீதியாகுமா? அனுப்புமுன், இதன் கீழ் என் பெயரை எழுத நான் இசைவேனா என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்வாராக. இசையாதவர், அச்செய்தியைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளட்டும்.