வட்டி யார் வீட்டிலிருந்து வருகிறது?



பணத்தை எங்கே போட்டு வைக்கலாம் என்று நம்மவர் குருவானவரிடம் வந்து கேட்பதுண்டு. குருவானவருக்குப் பாங்கிக் கணக்கைவிடப் பாவக் கணக்கே அதிகம் தெரியும் என்று நினைப்பவர்கள்கூட இவ்விஷயத்தில் வந்து கேட்கிறார்கள். "இன்ன கம்பெனியில் போடலாமா, சாமி? போட்ட பணம் பத்திரமாய் இருக்குமா?" என்பதே அவர்கள் கேள்வி. பத்திரமா என்று கேட்பது நியாயமே. பெண்ணின் கலியாணத்துக்கென்றும் பையனின் படிப்புக்கென்றும் தறியில் உட்கார்ந்து சேர்த்த பணம் அல்லவா? ஆனால் அக்கேள்விக்கு முன்னே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஏறக்குறைய எவரும் அதைக் கேட்பதில்லை. 'எனக்குத் தரப்போகும் இந்த வட்டியைச் சம்பாதிப்பவர் யார்? அது யார் வீட்டிலிருந்து புறப்பட்டு என் வீட்டுக்கு வந்து சேருகிறது?' என்பதே அது.

ஓரிக்கையில் வசிக்கும் நமக்கு இதை யோசிக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. தறியே போதும். கர்நாடகத்திலிருந்து பட்டு நூல் வருகிறது. சூரத்திலிருந்தோ, காஞ்சிபுரத்திலுள்ள சர்க்கார் ஜரிகை ஆலையிலிருந்தோ ஜரிகை வருகிறது. நூலுக்குச் சாயம் ஏற்றி, விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டி, அறுந்த இழையை முடிந்து, தறியில் ஏற்றுகிறோம். ஒரு பாவுக்கு 3 சேலை. கோர்வைச் சேலையாயின் ஒருவர் கை போதாது. கரைக்கு நாடா தள்ள மனைவியோ தம்பியோ கூடவே உட்கார வேண்டும். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்கு 10 நாளும் ஆகும், 20 நாளும் ஆகும். மழைக் காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஏறினால் அந்த நாட்களும் வீண். முடிவில் சேலை விற்ற பணத்தில் நூல்காரர், ஜரிகைக்காரர், சாயக்காரர், நெய்தவர், முதலாளி, கடைக்காரர் எல்லாருக்கும் பங்கு போக வேண்டும். பணம் பணத்தைப் பெறுகிறது என்று சொல்லுகிறோமே, அது இவ்விதந்தான் பெறுகிறது. நடுவில் யாரோ ஒருவர் உட்கார்ந்து எதையோ செய்கிறார்.

இப்பொழுது ஒரு கணக்குப் பார்ப்போம். லட்ச ரூபாயை ஒரு வியாபாரியிடம் கொடுக்கிறீர்கள். மாதம் நூற்றுக்கு 30 தருவதாக அவர் சொல்லுகிறார். நூல், ஜரிகை, கூலி, வாடகை, வரி எல்லாம் போக மாதந்தோறும் 30,000 ரூபாய் உங்களுக்கென்று மிஞ்ச வேண்டும். அதற்கு மேல் மிஞ்சினால்தான் அவர் தம் வீட்டுக்கு அரிசி வாங்குவார். காஞ்சிபுரத்தில் இப்படி லாபம் கண்ட பட்டு முதலாளி யாரேனும் உண்டா? ஒற்றைத் தறியில் மாதம் 20 கோர்வைச் சேலை நெய்து தருகிறேன் என்று ஒருவன் சொன்னால் நம் தெருப் பிள்ளைகளும் கைகொட்டிச் சிரிப்பார்கள். அதே தெருவில் நூற்றுக்கு 30 என்று ஒருவன் சொன்னபோது பெரியவர்களே சிரிக்கவில்லை.

நான் எதைக் குறிப்பிடுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆருத்ரா கோல்டு டிரேடிங் என்னும் ஸ்தாபனம் மாதம் நூற்றுக்கு 30 வரையில் தருவதாகச் சொல்லி மக்களிடம் பணம் திரட்டியது. 2022-ம் ஆண்டு மே மாதத்தில் போலீசின் பொருளாதாரக் குற்றப் பிரிவு அதன் அலுவலகங்களில் சோதனை நடத்தியது. ஒரு லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களிடம் ஏறத்தாழ 2,438 கோடி ரூபாய் வசூலாயிற்று என்று அப்பிரிவு கூறியது. அவ்வழக்கின் தீர்ப்பு கோர்ட்டாருக்குரியது. அதில் நான் தலையிடவில்லை. நான் பேசுவது இவ்விதத் திட்டம் எதற்கும் பொதுவான கணக்கைப் பற்றி.

10 பேர் ஆளுக்கு ஒரு லட்சம் போடுகிறார்கள். பெட்டியில் 10 லட்சம் இருக்கிறது. மாதம் 3 லட்சம் வட்டி. 3 மாதத்தில் 9 லட்சம் போய்விட்டது. நான்காம் மாதம் பெட்டியில் இருப்பது ஒரே லட்சம்; கொடுக்க வேண்டியதோ 3 லட்சம். ஆகவே அதற்குள் புதிதாய்ப் பத்துப் பேர் வந்தாக வேண்டும். அவர்களுக்கும் வட்டி கொடுக்க அடுத்து இருபது பேர் வேண்டும். இதில் எவரும் நாடா தள்ளவில்லை. எவரும் பாவு நீட்டவில்லை. முதலில் வந்தவர் வாங்குவது பின்னால் வந்தவரின் முதல். மூன்று வட்டிக்குக் கடன் கொடுப்பவனைக் கடிந்துகொள்கிறோம். ஐந்து வட்டி என்றால் கந்துவட்டிக்காரன் என்று சபிக்கிறோம். முப்பது வட்டி கொடுக்கிறவனிடமோ வரிசையில் நின்று பணம் கட்டினோம். அந்த முப்பதை யாரிடமிருந்து பிடுங்குகிறான் என்று கேட்கவில்லை.

இது புதிய தந்திரமுமன்று. 1920-ம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்சி என்பவன் 45 நாளில் நூற்றுக்கு 50 தருவதாகச் சொன்னான். இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள் பலர், தங்கள் மொழி பேசுகிறவன் என்று நம்பிக் கொடுத்தார்கள். அவ்வாண்டிலேயே எல்லாம் சரிந்தது. பெரிய பெயரை நம்பினாலும் இதே கதிதான். 1906-ம் ஆண்டு சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, அதைக் கோட்டை போல் எண்ணியிருந்த ஆயிரக்கணக்கானோர் கைப்பணத்தை இழந்தனர். அந்த அடிக்குப் பிறகே 1907-ம் ஆண்டில் இந்தியன் பாங்கி தோன்றியது.

அப்படியானால் உழைக்காமல் வரும் லாபமெல்லாம் பாவமா என்று சிலர் கேட்பர். இல்லை. வட்டியைப் பற்றித் திருச்சபை பல நூற்றாண்டுகள் கடுமையாகப் பேசியதுண்டு. ஆயினும் ஒரு தொழிலில் முதல் போட்டு, லாபத்திலும் நஷ்டத்திலும் பங்கு கொள்வதை அது தடுத்ததில்லை. 1462-ம் ஆண்டு இத்தாலியில் பெருஜியா நகரில் பிரான்சிஸ்கன் சபையார் ஏழைகளுக்காக அடகுக் கடை ஒன்றையே திறந்து, கடைச் செலவுக்கு மட்டும் சொற்ப வட்டி வாங்கினார்கள். (குருமடத்தில் இதைப் படித்தபோது எங்களில் பலர் தூங்கிவிட்டோம், அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.) ஒரு கம்பெனியின் ஷேரை வாங்குகிறவர் அதன் தறியில் ஒரு கட்டையை வாங்கியவர் என்று வைத்துக்கொள்ளலாம். தறி ஓடினால் அவருக்கும் உண்டு, நின்றால் இல்லை. பம்பாய்ச் சந்தையின் சென்செக்ஸ் குறியீடு 2008-ம் ஆண்டு ஜனவரியில் 21,000-ஐத் தொட்டு, அவ்வாண்டு அக்டோபரில் 8,000-க்கு அருகே விழுந்தது. 2020-ம் ஆண்டு கொள்ளை நோய் பரவியபோது மார்ச்சு மாதத்தில் 26,000-க்கும் கீழே போயிற்று. இரண்டு முறையும் பின்னர் ஏறியது. காத்திருக்க முடிந்தவர் தப்பினார். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைப் போட்டிருந்தவரால் காத்திருக்க முடியவில்லை. நல்ல முதலீடு தன் ஆபத்தை மறைக்காது. நிச்சயம், நிச்சயம் என்று எவன் சொல்லுகிறானோ அவனிடத்தில்தான் ஐயப்பட வேண்டும்.

இவ்விடத்தில் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்வரும் நம் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. செல்போனில் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்று காலையில் வாங்கி மாலையில் விற்பதை முதலீடு என்று உங்களில் சிலர் சொல்லுகிறீர்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி வாரியம் 2024-ம் ஆண்டு செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்றாண்டுக் காலத்தில் இவ்விதம் ஈடுபட்ட தனிநபர்களில் 100-க்கு 93 பேர் நஷ்டப்பட்டனர். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். சராசரியாக ஆளுக்குச் சுமார் 2 லட்சம். ஷேர் வாங்கினால் எங்கோ ஒரு தொழில் நடக்கிறது. இதிலோ எதிரே இருப்பவர் இழந்தால்தான் உங்களுக்குக் கிடைக்கும். ஜெயித்தாலும் அது யாருடைய சம்பளம் என்று கேட்டுப் பாருங்கள். திருவிழாக் கடையில் மூன்று சீட்டு விளையாட்டைக் கண்டால் விலகிப் போகிறவர்கள், அது கண்ணாடித் திரையில் வந்ததால் மட்டும் மதிப்பது எனக்கு விளங்கவில்லை.

தங்கம்? 2025-ம் ஆண்டில் 10 கிராம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியதும், தங்கம் என்றும் இறங்காது என்ற பேச்சு எழுந்தது. 2013-ம் ஆண்டில் உலகச் சந்தையில் அது நூற்றுக்கு 25-க்கு மேல் இறங்கியதை மறந்துவிட்டோம். தவிர, தங்கமும் வெள்ளியும் ஏறினால் ஜரிகை ஏறும். ஜரிகை ஏறினால் சேலை ஏறும். பெட்டியில் நகை வைத்திருப்பவர் மகிழும் அதே நாளில் தறிக்காரர் கவலைப்படுகிறார். நம் வீடுகளில் இருவரும் ஒருவரே.

வீட்டுக் கணக்கைப் பற்றி நீட்டி எழுத இடமில்லை. மூன்று வட்டிக் கடன் இருந்தால் முதலில் அதை அடையுங்கள். ஆண்டுக்கு நூற்றுக்கு 36 நேர்மையாய்த் தரும் முதலீடு வேறு கிடையாது. பாங்கியில் போடும் பணத்துக்கு, ஒரு பாங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரையில் 2020-ம் ஆண்டிலிருந்து காப்புறுதி உண்டு. சீட்டுக் கட்டுவதானால் 1982-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சீட்டுத்தானா என்று கேட்டுக் கட்டுங்கள். ஒரு ஸ்தாபனத்துக்கு வைப்புத்தொகை வாங்க அனுமதி உண்டா என்பதை ரிசர்வ் பாங்கி நடத்தும் 'சச்சேத்' இணையதளத்தில் பார்க்கலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளையே பார்த்துச் சொல்லும். கூட்டுறவுச் சங்கத்தில் நெய்பவர்களுக்குச் சேமிப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. கூலியில் ரூபாய்க்கு 8 பைசா நீங்கள் கட்டினால் சர்க்கார் 4 பைசா சேர்க்கிறது. அந்த 4 பைசா எங்கிருந்து வருகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அதில் ஒளிவு மறைவில்லை.

இனி, போனதைப் பற்றிப் பேசுவோம். இதுவே கடினமான பகுதி.

இவ்விதத் திட்டங்கள் விளம்பரப் பலகையால் மட்டும் வளர்வதில்லை, உறவால் வளருகின்றன. முன்பின் அறியாதவன் வந்து கேட்டால் நாம் கொடுப்போமா? தாய்மாமன் கேட்டார், ஞானத்தகப்பன் கேட்டார், பக்கத்துத் தறி அண்ணன் கேட்டார், அதனால் கொடுத்தோம். அவர் தம் பாங்கிக் கணக்கில் வட்டி ஏறியதைக் காட்டினார். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே ஏறியிருந்தது. ஆள் சேர்த்ததற்கு அவருக்குக் கமிஷன் உண்டு என்பதைத்தான் சொல்லவில்லை. பலர் அறியாத ஒன்று: 2019-ம் ஆண்டு மத்திய சர்க்கார் இயற்றிய சட்டப்படி, ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டத்தில் சேரும்படி தெரிந்தே பொய்யுரைத்துப் பிறரைத் தூண்டுவதும் குற்றம். சட்டம் இருக்கட்டும், மனச்சாட்சி என்ன சொல்லுகிறது?

நீதிநெறி நூலார் இங்கே மூவரைப் பிரித்துப் பார்ப்பர். அறியாமல் போட்டு இழந்தவர் ஒருவர். அவர் பேராசைக்காரர் என்று ஏளனம் செய்வது நமக்குத் தகாது. பலருக்கு அது ஆசையன்று, கடன் நெருக்கடி. அறியாமல் போட்டு லாபத்தோடு வெளிவந்தவர் இரண்டாமவர். அவர் நல்ல மனதோடு வாங்கிச் செலவழித்துவிட்டதற்குக் கணக்குக் கேட்பதில்லை; ஆனால் அது பிறர் பணம் என்று தெரிந்த நாளில் கையில் மிஞ்சியிருப்பதும், அதனால் அவர் வீட்டில் கூடியிருக்கும் சொத்தும் அவருடையதன்று. ஐயமிருந்தும் கமிஷனுக்காகப் பிறரை அழைத்துச் சென்றவர் மூன்றாமவர். அவர் தாம் வாங்கியதை மட்டுமல்ல, தம் சொல்லால் பிறர் இழந்ததையும் ஈடு செய்யக் கடன்பட்டவர்.

"நான் யாரிடமும் திருடவில்லையே! அவர்களாகவே கொடுத்தார்கள், நானும் துணிந்துதானே போட்டேன்?" என்பார் இரண்டாமவர். ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். தம்பி ஒருவர் லட்ச ரூபாய் போட்டு, இரண்டரை லட்சமாக எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அதில் மகளுக்கு நகை செய்தார். தம்பி வாங்கினாரே என்று அக்காள் தம் வளையல்களை அடகு வைத்து ஒரு லட்சம் போட்டார். மூன்றாம் மாதம் கதவு சாத்தப்பட்டது. தம்பி அக்காளை அழைக்கவுமில்லை, தடுக்கவுமில்லை. எந்தக் கோர்ட்டும் தம்பியைக் கேட்காமல் இருக்கலாம். ஆனால் அந்த நகையில் இருக்கும் தங்கம் எதனால் வாங்கப்பட்டது? அவர் போட்ட லட்சம் அவருடையது, அதில் சந்தேகமில்லை. மிச்சம் ஒன்றரை லட்சம், அவர் அக்காளைப் போன்ற யாரோ கட்டியது. கொடுத்தவர் அனைவரையும் தேடிப் பிடிக்க அவரால் முடியாது. அக்காளோ அதே தெருவில், நான்கு வீடு தள்ளி இருக்கிறார்.

நகையை விற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மணமான பெண்ணின் கழுத்திலிருந்து கழற்றுவது வேறொரு அநீதியாய் முடியலாம். சேலைக்கு ஓர் ஆயிரம், இரண்டாயிரம் என்று கொண்டுபோய்க் கொடுக்கலாம். முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தை நாம் அப்படித்தானே கழிக்கிறோம்? முதலில் வளையல் அடகிலிருந்து மீளட்டும். அக்காள் வாய்விட்டுக் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மூத்தவர், கேட்கமாட்டார்.