இளைய குழந்தையின் பள்ளியும் பெற்றோரின் சமநீதியும்

மூத்த குழந்தை ஏற்கெனவே ஒரு பள்ளியில் படித்துவரும் குடும்பத்தில், இளைய குழந்தையைத் தொடக்கப் பள்ளியில், அதாவது ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை நடத்தும் பள்ளியில், சேர்க்கும் காலம் வரும்போது, அதே பள்ளியில் சேர்ப்பதா, வேறு பள்ளியைத் தேடுவதா என்னும் கேள்வி எழுகிறது. வேன் வசதியும் கட்டணமும் பயிற்றுமொழியும் அப்போது கணக்கில் வருகின்றன என்றாலும், அவற்றுக்கு அடியில் அறவியல் சார்ந்த கேள்வி ஒன்று இருக்கிறது: பிள்ளைகளிடையே பாகுபாடு காட்டாதிருத்தல் என்பது இருவருக்கும் ஒன்றையே தருவதா, அவரவர்க்கு உரியதைத் தருவதா?

அமெரிக்கச் சட்ட மெய்யியலாளர் ரொனால்ட் டுவொர்க்கின் 1977இல் வெளியிட்ட நூலில், சமமான பங்கைப் பெறும் உரிமையையும், சமமானவராக மதிக்கப்படும் உரிமையையும் வேறுபடுத்திக் காட்டினார். இரு குழந்தைகளுள் ஒன்று நோயால் இறக்கும் நிலையிலும் மற்றொன்று அதே நோயால் சற்றே நலிந்தும் இருக்கையில், எஞ்சிய ஒரே மருந்தை யாருக்குத் தருவது என்று நாணயத்தைச் சுண்டி முடிவு செய்யும் தந்தை இருவரையும் சமமாக மதித்தவர் ஆகமாட்டார் என்பது அவர் தரும் சான்று. அவருக்கு நெடுங்காலம் முன்பே அரிஸ்டாட்டில், தமது நிக்கோமாக்கிய அறவியலின் இறுதிப் பகுதியில், காய்ச்சல் கண்டவர்க்கு ஓய்வும் பட்டினியும் பொதுவாக நன்மை தந்தாலும் ஒரு குறிப்பிட்ட நோயாளிக்கு அவை பொருந்தாமல் போகலாம் என்றும், அதுபோலவே ஒவ்வொருவரையும் தனித்தனியே கருதும் கல்வியே நுட்பமாகப் பொருந்தும் என்றும் வாதிட்டார்.

தமிழ் மரபிலும் இந்தச் சிந்தனைக்கு ஆழ்ந்த வேர் உண்டு. பவணந்தி முனிவரின் நன்னூல், பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம், மேய்ந்ததை அசைபோடும் பசு, உழைப்புக்கேற்ப விளைவு தரும் மண், கற்பித்ததையே சொல்லும் கிளி என மாணாக்கரின் இயல்பை வகைப்படுத்துகிறது. சைவ சித்தாந்தம் இதை ஆன்மிகத் தளத்தில் விரித்து, உயிர்களின் பக்குவம், அதாவது உயிரைப் பிணிக்கும் அழுக்காகிய மலம் நீங்குவதற்கான முதிர்ச்சி, வேறுபடுவதால், திருவருள் பதிதலாகிய சத்தினிபாதமும் நான்கு நிலைகளில் அமைகிறது என்றும், சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நெறிகள் அதற்கேற்ப வகுக்கப்பட்டன என்றும் கூறுகிறது. எல்லா உயிர்களிடத்தும் இறைவனுக்குள்ள அருள் ஒன்றே. அதை ஏற்கும் வழி மட்டுமே பலவாகிறது என்பது இதன் உட்பொருள்.

ஆயினும் இந்தக் கருத்தில் ஒரு பேரிடர் மறைந்திருக்கிறது. தகுதி, பக்குவம் என்னும் சொற்களைக் காட்டியே பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் கல்வி மறுக்கப்பட்டது. இன்றும் பல குடும்பங்களில் மகன் கட்டணம் வாங்கும் ஆங்கிலவழித் தனியார் பள்ளிக்கும், மகள் கட்டணமில்லாத அரசுப் பள்ளிக்கும் அனுப்பப்படுகின்றனர். அரசுப் பள்ளி தன்னளவில் மிகச் சிறந்ததாகவே இருக்கலாம். அந்த முடிவின் குற்றம், மகளுக்கு எது பொருந்தும் என்று கேட்காமல், அவளுக்கு எவ்வளவு செலவிடத் தகும் என்று மட்டும் கேட்டதில் இருக்கிறது. மேலும், நன்னூல் பேசும் மாணாக்கர் இலக்கணம் கற்கும் அளவுக்கு வளர்ந்தவர்கள். ஆறு வயதுக் குழந்தையின் இயல்போ இன்னும் உருவாகிக்கொண்டிருப்பது. அதற்குள் ஒரு குழந்தையை மந்தமானது என்றோ சூட்டிகையானது என்றோ தீர்மானித்துப் பள்ளியைத் தேர்வது, இன்னும் தெரியவராத ஒன்றை முடிந்த முடிபாகக் கொள்வதாகும். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது எனத் தடுத்திருப்பதை இந்த நோக்கில் காணும்போது, அதன் அறவியல் நியாயமும் விளங்குகிறது.

எனவே வேறுபாடு எப்போது நீதியாகும் என்பதற்கு இரு உரைகற்கள் தேவைப்படுகின்றன. முதலாவது, முடிவின் காரணத்தை, வளர்ந்தபின் இரு பிள்ளைகளிடமும் நேருக்கு நேர் சொல்ல முடியவேண்டும். பேசத் தயங்கும் குழந்தைக்குச் சிறிய வகுப்புள்ள பள்ளியைத் தேர்ந்தோம் என்பதை எந்தப் பெற்றோரும் சொல்ல முடியும். பெண்பிள்ளை என்பதால் இதுவே போதும் என நினைத்தோம் என்பதை எவராலும் கூசாமல் சொல்ல முடியாது. இரண்டாவது, தேர்வு பின்னாளில் மாற்றிக்கொள்ளத் தக்கதாக இருக்கவேண்டும். இந்தியா 1992இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, தன்னைப் பாதிக்கும் செய்திகளில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்கு அளித்து, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்துக்கு மதிப்பளிக்கச் சொல்கிறது. ஆறு வயதில் மெலிதாக ஒலிக்கும் அந்தக் குரல் பத்து வயதில் வலுப்பெறும்போது, அதைக் கேட்டு நடப்பதற்கு இடமிருக்க வேண்டுமல்லவா?

இவ்வாறு நோக்கினால், அண்ணனோ அக்காவோ படிக்கும் பள்ளியில் சேர்ப்பதும் தவறன்று, வேறு பள்ளியில் சேர்ப்பதும் தவறன்று. மூத்த குழந்தையை எண்ணிச் செய்த முடிவையே இளைய குழந்தைக்கும் பொருத்திவிடுவது மட்டுமே தவறு. இருவரையும் ஒரே அன்போடு மதிக்கும் பெற்றோர், இளைய குழந்தையை உற்று நோக்கி, அதற்காகவே புதிதாக ஆராய்ந்து தேர்வார்கள். அந்த ஆராய்ச்சியின் முடிவில் அதே பள்ளியே அமைந்தாலும், அது அந்தக் குழந்தைக்கு உரிய நீதியாகவே அமையும்.